உணவுக் கணக்குச் செயலி: காசு கொடுக்கும் முன் சாம்பாரைக் கேளுங்கள்

பெங்களூரு அல்சூரில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். குடும்பத் தலைவருக்கு வயது ஐம்பதைத் தொடுகிறது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது. சாப்பாட்டைக் கவனியுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் மகள், அன்றே அப்பாவின் கைபேசியில் உணவுக் கணக்குச் செயலி ஒன்றை இறக்கிக் கொடுக்கிறாள்.

மதியம் சாப்பிட்டதைப் பதிவு செய்ய அப்பா 'சாம்பார்' என்று தட்டுகிறார். ஒன்றல்ல, பத்துச் சாம்பார்கள் வந்து வரிசையில் நிற்கின்றன. ஒரு கிண்ணத்துக்கு ஒன்றில் 90 கலோரி, இன்னொன்றில் 220. எதை நம்புவது என்று அவர் விழித்துக்கொண்டிருக்கும்போதே, ஆண்டுச் சந்தாவுக்குப் பாதி விலை, இன்னும் 15 நிமிடம்தான் என்று திரையில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

இன்று பல வீடுகளில் நடப்பது இதுதான். பணம் கட்டுவதா, வேண்டாமா? கட்டினால் எந்தச் செயலிக்கு? இந்தக் கேள்விக்கு விடை விலைப் பட்டியலில் இல்லை. வீட்டு அடுப்படியில் இருக்கிறது.

ஏன் இந்தக் கணக்கு?

சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கணக்கிட்டது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வந்தது. நாம் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. புரதத்தின் பங்கு 12 சதவீதந்தான் என்றது அது. தட்டில் எது மிகுதி, எது குறைவு என்று தெரிந்துகொள்வது இனி உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்களின் பொழுதுபோக்கு மட்டும் அல்ல.

செயலி செய்வது என்ன? மளிகைக் கடைப் பேரேடு போன்ற வேலைதான். ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9. உண்டதை எழுதினால் பெருக்கிக் கூட்டிச் சொல்லும். இந்தப் பெருக்கலை இலவசச் செயலியும் சரியாகத்தான் செய்கிறது. வேறுபாடெல்லாம் பெருக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் அட்டவணையில் இருக்கிறது. அட்டவணை தவறானால், எத்தனை ரூபாய் சந்தா கட்டினாலும் விடை தவறுதான்.

குன்னூரில் பிறந்த அட்டவணை

இந்திய உணவுகளுக்கு நம்பத்தக்க அட்டவணை நெடுநாளாக உண்டு. அதன் பிறப்பிடம் நீலகிரி. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய 'பெரிபெரி' நோய் ஆராய்ச்சிதான் பின்னாளில் உணவுச் சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1937-ல் அங்கு இயக்குநராக இருந்த அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1958-ல் ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று அதுவே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்தபோது, 1971-ல் அந்த நூல் திருத்தி விரிவாக்கப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து மாதிரிகள் திரட்டி, 528 உணவுப் பொருள்களைப் புதிதாக ஆராய்ந்து வெளியிட்ட அட்டவணை 2017-ல் வந்தது.

ஒரு செயலியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உன் அட்டவணை எங்கிருந்து வந்தது என்பதே. பெங்களூரிலேயே 2012-ல் தொடங்கப்பட்ட 'ஹெல்த்திஃபை' இட்லி, உப்புமா, ராகிக் களி போன்ற நம் ஊர்ப் பண்டங்களை முன்வைத்து வளர்ந்தது. கனடா நாட்டுக் 'குரோனோமீட்டர்' ஆய்வுக்கூட அட்டவணைகளுக்கு முதலிடம் தருவது. ஆனால் அந்த அட்டவணைகள் பெரும்பாலும் அமெரிக்க, கனடா உணவுகளுக்கானவை. 'மை ஃபிட்னெஸ் பால்', 'ஃபேட் சீக்ரெட்' போன்றவற்றில் பயன்படுத்துவோர் தாமே எழுதிவைத்த பதிவுகள் ஏராளம். பத்துச் சாம்பார்கள் வருவது இப்படித்தான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 'நியூட்ரிஃபை இண்டியா நவ்' என்று ஓர் இலவசச் செயலியை வெளியிட்டது.

அரிசியா, சாதமா?

பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 100 கிராம் பச்சரிசியில் சுமார் 355 கலோரி. அதைச் சமைத்தால் 250 முதல் 300 கிராம் சாதமாகும். கலோரி கூடவில்லை, தண்ணீர்தான் கூடியது. ஆகவே 100 கிராம் சாதத்தில் சுமார் 130 கலோரிதான் இருக்கும். தட்டில் 250 கிராம் சாதத்தை நிறுத்துவிட்டு, செயலியில் 'அரிசி' என்ற பதிவைத் தொட்டால் கிட்டத்தட்ட 890 கலோரி என்று காட்டும். உண்மை அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பயந்துபோன மனிதர் இரவில் பட்டினி கிடப்பார்.

ராகிக் களிக்கும் இதே கதைதான். உருண்டையின் எடை மாவின் எடை அல்ல. சமைக்கும் முன் அளப்பதே வழி. வீட்டில் ஆழாக்கோ பாவோ எது புழங்குகிறதோ, அது எத்தனை கிராம் கொள்ளும் என்று ஒரே ஒரு முறை நிறுத்து எழுதிக்கொண்டால் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறைத் தராசு, ஆண்டுச் சந்தாவைவிட நல்ல முதலீடு.

எண்ணெய் இன்னொரு கள்வன். தட்டைப் படம் எடுத்தால் கலோரி சொல்கிறேன் என்கின்றன புதிய செயலிகள். பொரியலில் ஊறிப்போன எண்ணெயும், பெங்களூருச் சாம்பாரில் கரைந்துபோன வெல்லமும் படத்தில் தெரியுமா? எளிய வழி, மாதக் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் எண்ணெய் செலவானால், ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 23 கிராம். கலோரியில் அது 200-க்கு மேல். நெய்யும் தேங்காயும் தனி.

ஐந்து சோதனைகள்

பணம் கட்டும் முன் இலவசப் பகுதியிலேயே செயலியை ஒரு வாரம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வீட்டில் அடிக்கடி சமைக்கும் பத்துப் பண்டங்களைத் தேடிப் பார்ப்பது. ஏழாவது கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, அரிசியையும் சாதத்தையும் தனித்தனியே காட்டுகிறதா என்று பார்ப்பது.

மூன்றாவது, சொந்தச் செய்முறையைச் சேர்க்க முடியுமா என்பது. பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, ஆறு பேருக்கு என்று ஒரு முறை எழுதிவிட்டால், அதன் பிறகு அது நம் வீட்டுச் சாம்பார். பத்துச் சாம்பார்க் குழப்பம் தீர்ந்தது.

நான்காவது, புரதம், மாவுச்சத்து, கொழுப்பு மூன்றையும் காசில்லாமல் கிராமில் காட்டுகிறதா என்பது. சில செயலிகள் கலோரியை மட்டும் காட்டிவிட்டு மற்றதற்குக் காசு கேட்கும்.

ஐந்தாவது, இன்று இலவசமாக இருப்பது நாளையும் இருக்குமா என்பது. 'மை ஃபிட்னெஸ் பால்' பல ஆண்டுகள் இலவசமாகத் தந்த பார்கோடு வசதியை 2022 அக்டோபரில் கட்டணப் பகுதிக்கு மாற்றியது. ஆனால் இட்லிக்கும் கீரைக்கும் பார்கோடு இல்லை. வீட்டுச் சமையல் உண்பவருக்கு அது பெரிய இழப்பல்ல.

இந்த ஐந்திலும் தேறிய செயலியில் ஏதோ ஒரு வசதி நிச்சயம் வேண்டும் என்று தோன்றினால், முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டலாம். ஆண்டுச் சந்தா மாதக் கணக்கில் மலிவுதான். ஆனால் மூன்றாம் வாரமே எழுதுவதை நிறுத்திவிட்டவருக்கு அதைப் போலச் செலவான சந்தா வேறில்லை. 'இலவசச் சோதனை' என்று தொடங்கினால் அது தானாகவே கட்டணமாக மாறும் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வரும். அந்தக் குறுஞ்செய்தியைத் தள்ளிவிடக் கூடாது. செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பதும் தவறு. அதைத் தனியே ரத்து செய்தாக வேண்டும்.

காசு மட்டும் விலை அல்ல. எடை, வயது, நோய் எல்லாவற்றையும் செயலியிடம் சொல்கிறோம். 'மை ஃபிட்னெஸ் பால்' பயன்படுத்திய சுமார் 15 கோடிப் பேரின் கணக்கு விவரங்கள் திருடுபோன செய்தி 2018-ல் வெளிவந்தது. கேட்பதையெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் கணக்கு

இவ்வளவும் எதற்காக? 55 கிலோ எடையுள்ள ஓர் இல்லத்தரசிக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும் என்பது 2020-ன் இந்தியப் பரிந்துரை. அவர் உண்பது என்ன? காலையில் மூன்று இட்லி, 6 கிராம். மதியம் 100 கிராம் அரிசியின் சாதம், 8. சாம்பாரில் 30 கிராம் துவரம்பருப்பு, ஆறரை. பொரியல் 2, தயிர் 3. இரவு மூன்று சப்பாத்தி, 9. காப்பிக்கும் டீக்கும் போன பால், ஆறரை. ஆக மொத்தம் 41. வயிறு நிறைந்தது; கணக்கில் 5 கிராம் துண்டு விழுகிறது. அதுவும் சாம்பாரில் உள்ள பருப்பு முழுவதும் அவர் பங்குக்கு வந்தால்தான். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மேலாக உள்ள தெளிவை ஊற்றிக்கொள்பவருக்குத் துண்டு இன்னும் பெரிது. ஒரு முட்டையோ, ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலைச் சுண்டலோ அதை நிரப்பிவிடும். இந்த ஒரு செய்தியைக் கண்டுபிடிக்கச் சந்தா தேவையில்லை. இரண்டு வாரம் நேர்மையாக எழுதினால் போதும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் செயலி சொன்னது என்று உணவை மாற்றாமல் டாக்டரைக் கேட்பதே முறை. வளரும் பிள்ளைகளின் கையில் கலோரிக் கணக்கைக் கொடுப்பதும் நல்லதல்ல. ஒவ்வொரு கவளத்துக்கும் எண் தேடும் பழக்கம் தொற்றிக்கொண்டால் செயலியை மூடி வைத்துவிட வேண்டும்.

அல்சூர் அப்பா கடைசியில் என்ன செய்யலாம்? ஓடும் கடிகாரத்தை ஓடவிட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு சமையலறைக்குப் போகலாம். பருப்பை எத்தனை கிராம் போடுகிறாய் என்று மனைவியிடம் கேட்கலாம். இத்தனை ஆண்டுகளில் அவர் கேட்டிராத கேள்வி அது. வீட்டுக் கணக்கு சரியாவது அங்கிருந்துதான்.