கப்பலின் இடமும் வலமும்

இடது, வலது என்னும் சொற்கள் தரையில் எமக்குப் போதுமானவை. கடலில் அவை ஆபத்தானவை. அணியத்தை, அதாவது கப்பலின் முன்புறத்தை, நோக்கி நிற்பவருக்கு இடப்பக்கமாக இருப்பது, திரும்பி நிற்பவருக்கு வலப்பக்கமாகிவிடுகின்றது. எனவேதான் அணியத்தை நோக்கிய நிலையில் இடப்பக்கத்தைப் 'போர்ட்' எனவும் வலப்பக்கத்தை 'ஸ்டார்போர்ட்' எனவும் மாலுமிகள் அழைக்கின்றனர். எவர் எங்கு திரும்பி நின்றாலும் இப்பெயர்கள் மாறுவதில்லை.

ஸ்டார்போர்ட் என்பதற்கும் நட்சத்திரத்துக்கும் தொடர்பில்லை. சுக்கான் கப்பலின் பின்புறத்துக்கு வருமுன்னர், வடஐரோப்பியக் கலங்களில் திசை திருப்பும் துடுப்பு வலப்பக்கத்தில் இருந்தது. 'செலுத்தும் பக்கம்' என்பதே அதன் பழைய பொருள். (எமது கரையோரங்களில் வழங்கும் சுக்கான் என்ற சொல்லோ அரபு மொழி தந்த கொடை.) அத்துடுப்பு சேதமுறாதிருக்க இடப்பக்கமே துறையில் அணைக்கப்பட்டது. அப்பக்கம் முன்னர் 'லார்போர்ட்' எனப்பட்டது. புயல் இரைச்சலில் ஸ்டார்போர்டும் லார்போர்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிரித்தானியக் கடற்படை 1844இலும் அமெரிக்கக் கடற்படை 1846இலும் லார்போர்டைக் கைவிட்டுப் போர்ட் என்பதை ஏற்றன.

குழப்பம் அத்துடன் தீரவில்லை. 1912இல் பனிப்பாறையைக் கண்ட டைட்டானிக் கப்பலில் 'ஸ்டார்போர்ட்' எனக் கட்டளையிடப்பட, கப்பல் இடப்பக்கம் திரும்பியது. அது தவறன்று. சுக்கானின் பிடியை வலப்பக்கம் தள்ளினால் கப்பல் இடப்பக்கம் திரும்பும். பிடியை வைத்தே கட்டளையிடும் வழக்கம் அன்று நிலவியது. 1929ஆம் ஆண்டின் இலண்டன் மாநாடு அவ்வழக்கத்துக்கு முடிவுகட்டத் தீர்மானித்தது.

ஆங்கிலத்தில் 'போர்ட்', 'லெஃப்ட்' இரண்டும் நான்கு எழுத்துகள் என நினைவில் வைப்பர். தமிழருக்கு இதனினும் எளிய வழியுண்டு: இடது, இதயம், இரத்தம். இரத்தத்தின் நிறமே போர்ட் பக்க விளக்கின் நிறம். ஸ்டார்போர்ட் பக்க விளக்கு பச்சை.

தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே செல்லும் கப்பற்பாதை உலகின் நெரிசல் மிக்க பாதைகளுள் ஒன்று. ஆழ்கடல் செல்லும் எமது கடற்றொழிலாளருக்கு இவ்விளக்குகளின் பொருள் தாய்மொழியிலேயே பயிற்றப்பட வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளின்படி, இரு இயந்திரக் கலங்கள் குறுக்கிடும்போது மற்றையதைத் தனது வலப்பக்கத்தில் காணும் கலமே வழிவிட வேண்டும். இரவில் அதன் கண்ணுக்குத் தெரிவது சிவப்பு விளக்கு. சிவப்பும் பச்சையும் ஒருங்கே தெரியுமாயின் எதிர்க்கப்பல் நேரே வருகின்றது. அப்போது இரு கலங்களும் ஸ்டார்போர்ட் பக்கம் திரும்ப வேண்டும்.