செய்திக்கு வழி சொல்பவர் யார்?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். பல்கலைக்கழகத்திற்கு இணையத்தின் வழி விண்ணப்பம் அனுப்பவேண்டிய கடைசி நாள். மகளின் கைத்தொலைபேசி மூலையில் கோடுகள் முழுமையாக நிற்கின்றன. ஆனால் பக்கம் திறக்கவில்லை. "போனைக் கீழே போட்டுக் கெடுத்துவிட்டாயா?" என்று தகப்பனார் கோபித்துக்கொண்டார். மாலையில் பட்டணத்திற்குப் போய், கடனுக்குப் புதிய போன் ஒன்று வாங்கி வந்தார். அதிலும் கோடுகள் முழுமையாக நின்றன, பக்கம் திறக்கவில்லை. பழுது போனில் இல்லை. தோட்டத்தை ஒட்டிய கோபுரத்திற்குப் பின்னால் எங்கோ இருந்தது. பணமும் போயிற்று, நாளும் போயிற்று.

அவர்மேல் குறை சொல்ல நாம் வரவில்லை. செய்தி எந்த வழியாகப் போகிறது என்பதை அவருக்கு எவரும் சொன்னதில்லை. அதை இன்று விளங்கிக்கொள்வோம்.

தோட்டத்து ஆபீசில் இரண்டு மூன்று கணினிகள் இருக்கின்றன. கிராணியின் கணினியில் உள்ள சம்பளக் கணக்கை அடுத்த அறையில் உள்ள இயந்திரம் அச்சடிக்கிறது. ஒரு கட்டடத்துக்குள் அடங்கிய இத்தகைய இணைப்பைக் குறும்பரப்பு வலை என்பர். அதே கணக்கு கோலாலம்பூரில் இருக்கும் தலைமை ஆபீசுக்குப் போகவேண்டுமானால், பல ஊர்களையும் ஆறுகளையும் தாண்டவேண்டும். இப்படித் தொலைவில் உள்ள சிறு வலைகளைச் சேர்த்துக் கட்டும் பெரிய வலைக்கு விரிபரப்பு வலை என்று பெயர். உலகத்து வலைகள் யாவும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டதுதான் இணையம்.

ஒரு வலை இன்னொரு வலையைத் தொடும் ஒவ்வொரு சந்தியிலும் ஒரு கருவி நிற்கிறது. அதன் பெயர் ரௌட்டர். தமிழில் திசைவி என்று சொல்கிறார்கள். வந்த செய்தியை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது என்று முடிவு செய்வதே அதன் வேலை.

அது எப்படி முடிவு செய்கிறது? நாம் நன்கு அறிந்த தபாலையே எடுத்துக்கொள்வோம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, சிகாமட் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன அக்காளுக்குக் கடிதம் எழுதுகிறோம். தபாலைப் பிரிப்பவருக்கு அக்காளின் லயம் எங்கே என்று தெரியுமா? தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. "ஜொகூர்" என்பதைப் பார்த்துத் தெற்கே போகும் பையில் போடுகிறார். அடுத்த இடத்தில் இருப்பவர் "சிகாமட்" என்பதைப் பார்க்கிறார். கடைசியில் உள்ளவர்தான் தோட்டத்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் பார்க்கிறார். முழு வழியையும் அறிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் கடிதம் அக்காளின் கைக்குப் போய்ச் சேருகிறது.

ரௌட்டர் செய்வதும் இதுவே. இணையத்தோடு சேர்ந்த கருவிகளுக்கு எண்களால் ஆன முகவரி உண்டு. பழைய முறையில் அது புள்ளியிட்டுப் பிரித்த நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். முகவரியின் முன்பகுதி எந்த வலை என்பதையும், பின்பகுதி அதில் எந்தக் கருவி என்பதையும் காட்டும். ரௌட்டரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது: இன்ன முன்பகுதி என்றால் இன்ன பக்கம். நம் வீட்டு ரௌட்டரின் பட்டியலோ மிகவும் சிறியது. "வீட்டுக்குள் என்றால் இங்கே, மற்றதெல்லாம் வெளியே" என்ற அளவில் முடிந்துவிடும். அடுத்த சந்தி தெரிந்தால் அதற்குப் போதும்.

இன்னொரு செய்தியும் உண்டு. நாம் அனுப்பும் படம் முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு பொட்டலமும் அனுப்புநர், பெறுநர் முகவரிகளையும், தன் வரிசை எண்ணையும் சுமந்துகொண்டு போகும். ஒன்று ஒரு வழியாகவும் மற்றொன்று வேறு வழியாகவும் போகலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் அவை வரிசைப்படி அடுக்கப்படும். காணாமற்போனதை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். வழி தவறிய பொட்டலம் சுற்றிச் சுற்றி அலையாதிருக்க, அதன்மேல் ஓர் எண் எழுதப்படுகிறது. ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும்; பூஜ்யமானால் பொட்டலத்தைக் கைவிட்டுவிடும்.

இந்த முறை 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் அமெரிக்காவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலசில் இருந்த பல்கலைக்கழகக் கணினியிலிருந்து, 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்திற்கு "லாகின்" என்ற ஆங்கிலச் சொல்லை அனுப்ப முயன்றார்கள். முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும், அங்கிருந்த கணினி நின்றுபோயிற்று! பிறகு சரிசெய்து தொடர்ந்தார்கள். அன்று கணினிகளின் அருகே நின்று பொட்டலங்களை வாங்கிக் கொடுத்த இயந்திரங்களே இன்றைய ரௌட்டருக்குப் பாட்டனார்.

இனி, வழி அறுந்தால் என்ன ஆகும்? பக்கத்துப் பக்கத்து ரௌட்டர்கள் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டே இருக்கும். பரவலாக உள்ள ஓர் ஏற்பாட்டில், 10 விநாடிக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும். 40 விநாடி குரல் வரவில்லை என்றால் அந்த வழி அடைபட்டதாகக் கொண்டு, மற்ற ரௌட்டர்களுக்கும் சொல்லி, வேறு வழி பார்க்கும். சடக்கில் மரம் விழுந்தால் லாரிக்காரர் சுற்றுவழி போவதைப்போல.

2006ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் தைவானின் தென்கரையை ஒட்டி நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலடியில் கிடந்த பல கம்பிகள் அறுந்தன. மலேசியா, சிங்கப்பூர் உட்படப் பல நாடுகளில் இணையம் தடுமாறியது. ஆனால் ஒரேயடியாக நின்றுவிடவில்லை. எஞ்சியிருந்த கம்பிகளின் வழியே பொட்டலங்கள் திருப்பிவிடப்பட்டன. எல்லாரும் அந்த ஒற்றையடிப் பாதையில் நெருக்கியடித்துக்கொண்டு போனதால் வேகம் குறைந்தது. கம்பிகளைச் சரிசெய்யப் பல வாரங்கள் பிடித்தன.

இப்போது நம் தோட்டத்திற்கு வருவோம். நாட்டுக்கு நாடு போகப் பல கடல்வழிகள் உண்டு. சென்னையிலும் மலாக்காவிலும் கரையேறும் கம்பி ஒன்று 2005ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. தமிழகத்து உறவினரோடு முகம் பார்த்துப் பேசும்போது நம் பேச்சு இத்தகைய கம்பியின் வழியேதான் கடல் கடக்கிறது. ஆனால் பல தோட்டங்களிலிருந்து வெளியேற வழி ஒன்றே ஒன்றுதான்: ஒரு கோபுரம், அதன் பின்னால் ஒரு கம்பி அல்லது ஓர் அலை இணைப்பு. அது அறுந்தால் எவ்வளவு கெட்டிக்கார ரௌட்டரும் திகைத்து நிற்கவேண்டியதுதான். திருப்பிவிட மறுவழி வேண்டுமே!

ஆகவே நேயர்களே, போன்மேல் பழி போடுமுன் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு பக்கம் மட்டும் திறக்கவில்லையா? மற்றவை திறந்தால், பழுது பெரும்பாலும் அந்தப் பக்கத்தார் இடத்தில்தான், சற்றுப் பொறுக்கலாம். உங்கள் போனில் மட்டுமா, அதே கம்பெனி வைத்திருக்கும் அண்டை வீட்டாருக்குமா? எல்லாருக்கும் என்றால், கோபுரத்திலோ அதற்குப் பின்னாலோதான் பழுது. கோடுகள் முழுமையாக நிற்கின்றன என்கிறீர்களா? அவை போனுக்கும் கோபுரத்திற்கும் இடையே உள்ள நிலையையே காட்டும். கோபுரத்திற்கு அப்பால் உள்ளதைக் காட்டமாட்டா.

வேறு கம்பெனியின் சிம் வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தால், அவரிடம் கேட்டு முயன்று பாருங்கள். அது வேறொரு வழி ஆகலாம். கம்பெனிக்குப் புகார் செய்யும்போது எந்த நாள், எந்த மணி, எத்தனை வீடுகள் என்று சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். தீராவிட்டால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். தனி வீட்டுக் குரலைவிட லயத்து மக்கள் சேர்ந்து கொடுக்கும் குரலுக்குப் பலம் அதிகம்.

தொடக்கத்தில் சொன்ன தகப்பனாரை நினைத்துப் பாருங்கள். அன்று மாலை அவர் பட்டணத்திற்குப் போகத்தான் போனார். பட்டணத்தில் இணையம் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. பழுது எங்கே என்று தெரிந்திருந்தால், புதுப் போன் வாங்கியிருக்கமாட்டார். மோட்டார் சைக்கிளின் பின்னால் மகளை ஏற்றிக்கொண்டு போயிருப்பார்.