திரைவழியே தமிழ்

2020 மார்ச் 23ஆம் திகதி பிரித்தானியாவிற் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டபோது, வழிபாட்டுத் தலங்களின் கதவுகளோடு வார இறுதித் தமிழ் வகுப்புகளின் கதவுகளும் மூடப்பட்டன. பெற்றோர் பலர் தம் பிள்ளையின் தமிழ்ப் பாடத்தை முதன்முதலாகச் சமையலறை மேசையில், கணினித் திரையிற் கண்டனர். தொற்றுத் தணிந்து கதவுகள் திறந்த பின்னரும் அந்தத் திரை வீட்டை விட்டுப் போகவில்லை. மாரி காலத்துச் சனிக்கிழமை காலையில் வெஸ்ட் ஈலிங்கிலிருந்து பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பெற்றோருக்கு அது பெரிய வசதிதான். ஆயினும் வசதி வேறு, கல்வி வேறு. திரையிலிருந்து பிள்ளை உண்மையில் மொழியைக் கற்கின்றதா என்பதே கேள்வி.

இதற்கு ஆய்வாளர் ஓரளவு தெளிவான விடை கண்டுள்ளனர். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியை பட்ரீசியா கூல் குழுவினரின் ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஆங்கிலமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுவோர் 12 தடவை நேரில் அமர்ந்து, கதை வாசித்து விளையாடினர். குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களைப் படம்பிடித்து வேறு குழந்தைகளுக்குக் காட்டினர். அவை எதையும் கற்கவில்லை. ஒலிப்பதிவு மட்டும் கேட்ட குழந்தைகளின் நிலையும் அதுவே. "கார்ட்டூனைத் தமிழிற் போட்டுவிட்டால் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும்" என்று நம்பும் வீடுகள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியானால் திரையே பயனற்றதா? 2014இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு இதற்கு விடை கூறுகின்றது. இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய வினைச்சொற்கள் மூன்று விதமாகக் கற்பிக்கப்பட்டன: நேரில், நேரடிக் காணொளி அழைப்பில், முன்பே பதிவுசெய்த காணொளியில். நேரிற் கற்றோரும் அழைப்பிற் கற்றோரும் சொற்களைக் கற்றனர். பதிவைப் பார்த்தோர் கற்கவில்லை. பிள்ளை சிரித்தால் சிரித்து, பிழைவிட்டால் நிறுத்தித் திருத்தி, கேட்டால் பதில் சொல்லும் ஆள் மறுபக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து தெரிவது. யாழ்ப்பாணத்திலிருந்து அழைக்கும் அம்மம்மா பேரப்பிள்ளையிடம் "இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருந்தால், அந்தப் பத்து நிமிடம் நல்லதொரு தமிழ்ப் பாடம். (அழைப்பைப் பெற்றோர் ஆங்கிலத்தில் முடித்து வைக்காதிருந்தால்!)

வளர்ந்த பிள்ளைகள் பதிவுகளிலிருந்தும் கற்பர். ஆனால் பதிவு சுருக்கமாக இருத்தல் நன்று. எட்எக்ஸ் என்ற இணையக் கல்வி நிறுவனத்தின் பாடங்களை மாணவர் பார்த்த 69 இலட்சம் தடவைகளை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், காணொளி எவ்வளவு நீண்டதாயினும் கவனம் ஏறத்தாழ ஆறு நிமிடங்களுக்கு மேல் நிலைக்கவில்லை எனக் கண்டனர். ஒரு மணி நேர வகுப்பை அப்படியே பதிவுசெய்து அனுப்பும் ஆசிரியர்களின் உழைப்பு வீணாவது இதனாலேயே.

தமிழில் இம்முயற்சி புதிதன்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்நாடு அரசு 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. டாக்டர் வா. செ. குழந்தைசாமி அதன் முதல் தலைவர். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றுள்ள அந்நிறுவனம் மழலைக் கல்வி முதல் பட்டப்படிப்பு வரையான பாடங்களை இணையத்தில் வைத்துள்ளது. புலம்பெயர்ந்தோரை எண்ணியே அமைந்த பாடங்கள் அவை. எனினும் பிள்ளையைத் தனியே அவற்றின் முன் அமர்த்துவது போதாது. இந்நாட்டுத் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் பிபிசியின் ஒளிபரப்போடு கற்பிக்கத் தொடங்கியபோது, வளர்ந்தோருக்கே அச்சிட்ட பாடநூல்களும், பயிற்சிகளைத் திருத்தித் தரும் ஆசிரியரும், கோடைகால நேர்வகுப்புகளும் தேவைப்பட்டன.

தேவார வகுப்பின் சிக்கல் வேறு. காணொளி அழைப்பில் ஒலி சிறிது தாமதித்தே வந்து சேரும். ஒரு வினாடியின் முப்பதில் ஒரு பங்கு தாமதமே சேர்ந்து பாடுவோரின் தாளத்தைக் குலைக்கப் போதுமானது. சாதாரண அழைப்புகளில் அதைவிடக் கூடவே இருக்கும். ஆகவே ஆசிரியர் ஓர் அடி பாட, ஒரு பிள்ளை மட்டும் திருப்பிப் பாட, மற்றவர்கள் ஒலிவாங்கியை நிறுத்தி வைத்தலே தக்க முறை. இன்னொன்று: சூம் போன்ற செயலிகள் சுருதிப்பெட்டியின் நீண்ட ஒலியை இரைச்சல் என்று எண்ணி அடக்கிவிடும். அமைப்பில் "அசல் ஒலி" என்பதைத் தெரிந்தெடுத்தால் சுருதி கேட்கும். கூட்டாகப் பாடுவதற்கு மட்டும் பிள்ளைகள் கோயில் மண்டபத்துக்கே வர வேண்டும்.