அகழ்வுக்குழியில் நிற்பவர் யார்? ஜவ்வாது மலையிலிருந்து ஒரு சட்டப் பார்வை

கீழடியின் முதலிரண்டு கட்ட அகழாய்வுகள் குறித்துத் தொல்லியலாளர் அமர்நாத் இராமகிருஷ்ணன் 2023 ஜனவரியில் அளித்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025 மே மாதத்தில் இந்தியத் தொல்லியல் துறை கோரியது. அதன்பின் எழுந்த விவாதம் அனைவரும் அறிந்ததே. அறிக்கையை எழுதியவர் யார், திருத்தச் சொல்லும் அதிகாரம் எவருக்கு உண்டு, காலக்கணிப்பு ஏற்கத்தக்கதா என்பன போன்ற வினாக்கள் நாடாளுமன்றத்திலிருந்து தேநீர்க்கடை வரை பேசப்பட்டன. அவை அவசியமான வினாக்கள்தாம். ஆனால் குழிக்குள் இறங்கி அந்த மண்ணை அடுக்கடுக்காகச் சுரண்டி எடுத்தவர்களின் நாட்கூலி என்ன, அவர்களுக்குக் காப்பீடு இருந்ததா, குழியின் சுவர் சரிந்திருந்தால் எந்தச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கேட்டிருக்க முடியும் என்ற வினாக்கள் அந்த விவாதத்தின் ஓரத்தில்கூட எழவில்லை.

தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் எட்டு இடங்களில் அகழாய்வு நடத்த 7 கோடி ரூபாய் ஒதுக்கியது. தொன்மையை நிறுவும் பணிக்கு ஓர் அரசு இவ்வளவு முனைப்புக் காட்டுவது வரவேற்கத்தக்கது. அந்தப் பணியின் பெரும்பகுதி உடலுழைப்பு என்பதையும் அதே முனைப்போடு பார்க்க வேண்டும். அகழாய்வு நடக்கும் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உள்ள நிலமற்ற விவசாயக் கூலிகளே பெரும்பாலும் இவ்வேலைக்கு வருகின்றனர். தமிழ்நாட்டில் நிலமற்ற கூலி என்றால் அவர்களுள் பெரும்பான்மையினர் எந்தச் சேரியிலிருந்து, எந்த மலைக் குடியிருப்பிலிருந்து வருவார்கள் என்பதை இத்தளத்தின் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

ஜவ்வாது மலையை இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள இம்மலையும் அதன் அடிவாரமும் தொல்லியல் வளம் நிறைந்தவை. கீழ்செப்பிலியில் கல்திட்டைகள் நிற்கின்றன. மலையூர்க் கோவில்களில் புதிய கற்காலக் கைக்கோடரிகள் சாமியாக வைத்து வணங்கப்படுகின்றன. திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியில் 1964-65, 1967-68 ஆகிய பருவங்களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்து புதிய கற்கால வாழ்விடத்தை வெளிக்கொணர்ந்தது. அடிவாரச் செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தொகுத்து 1972இல் மாநிலத் தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை வெளியிட்டது. மலையில் வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள். வேலை தேடி இவர்கள் மலையிறங்கும் வழி எத்தகையது என்பதை 2015 ஏப்ரல் 7 அன்று நாடே பார்த்தது. சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களில் திருவண்ணாமலை மாவட்டத்தவரும் இருந்தனர். முன்பணம் கொடுக்கும் தரகர், பெயர் பதியாத வேலை, கேட்க ஆளில்லாத சாவு என்பதே இம்மலையின் உழைப்புச் சந்தை. அகழாய்வு என்ற மதிப்புக்குரிய சொல் அதே சந்தைக்குள் வந்து ஆள் எடுக்கும்போது என்ன நடக்கும் என்பதே நம் வினா.

முதலில் 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லைப் பார்ப்போம். இம்மலைகளில் நடுகல்லோ கைக்கோடரியோ 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று செய்தி வரும்போது, கண்டவராக ஆய்வாளரின் பெயர் இருக்கும். அக்கல்லுக்குத் தலைமுறைகளாகப் பொங்கல் வைத்தவரும், ஆய்வாளரை ஒற்றையடிப் பாதையில் அழைத்துச் சென்று காட்டியவரும் 'ஊர்மக்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவர். இதில் தனிப்பட்ட ஆய்வாளர்களின் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பலர் தம் சொந்தச் செலவில் மலையேறுபவர்கள். அறிவு யாருடையது, கை யாருடையது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கும் முந்தையது. சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நில்லாமல் உழைப்பவரையே மேல்கீழாக அடுக்கி வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் காட்டியதற்குத் தொல்லியல் களத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. குழிக்கு மேலே நின்று அளப்பவர், வரைபவர், எழுதுபவர் ஒரு பக்கம். குழிக்குள்ளே மண்வெட்டியும் கூடையும் சல்லடையுமாக இருப்பவர் மறுபக்கம்.

ஆனால் குழிக்குள் நடப்பது வெறும் மண்வெட்டு அன்று. மண்ணின் நிறம் மாறும் இடத்தில் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். பானையின் விளிம்பில் கருவி படும் ஓசையை அடையாளம் காணத் தெரிய வேண்டும். சலித்த மண்ணில் கடுகளவு மணியைப் பிரித்தெடுக்கும் கண் வேண்டும். இரண்டு மூன்று பருவங்கள் வேலை செய்த ஒரு பெண் தொழிலாளி, முதுகலை முடித்துப் புதிதாக வந்த மாணவரைவிட இதில் தேர்ந்தவராக இருப்பது வியப்பன்று. ஊதியப் பட்டியலில் மட்டும் அவர் திறன் பெறாத தொழிலாளியாகவே இருப்பார். அமெரிக்க மானிடவியலாளர் அலிசன் மிக்கெல், ஜோர்தானின் பெட்ராவிலும் துருக்கியின் சாத்தால் ஹூயூக்கிலும் அகழாய்வுத் தொழிலாளர்களை ஆராய்ந்து 2021இல் ஒரு நூல் எழுதினார். தமக்கு ஒன்றும் தெரியாது என்று காட்டிக்கொள்வதே வேலையைத் தக்கவைக்க உதவும் என்று தொழிலாளர்கள் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. பண்ணையாரிடம் பேசும் கூலிக்காரரின் மொழியை அறிந்த எவருக்கும் இது புதிய செய்தியாக இருக்காது. அதே ஆண்டில் ஆஷிஷ் அவிகுந்தக் இந்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வுக் களங்களையே இனவரைவியல் நோக்கில் ஆராய்ந்து, அங்குள்ள அதிகாரப் படிநிலையைப் பதிவு செய்தார். தமிழ்நாட்டுக் களங்களைப் பற்றி அப்படியொரு நூல் எழுதப்பட வேண்டும். எழுதுபவர் அக்குழிகளில் வேலை செய்த குடும்பத்திலிருந்து வந்த மாணவராக இருந்தால் இன்னும் நன்று.

மேலைநாடுகளில் இச்சிக்கல் வேறு உருவில் உள்ளது. இங்கிலாந்தில் 1990இல் வந்த திட்டமிடல் நெறிமுறைக்குப் பின், கட்டுமானத்துக்கு முன்பான அகழாய்வின் செலவைக் கட்டுமான நிறுவனமே ஏற்கும் முறை நிலைபெற்றது. அகழாய்வு செய்து தரும் தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்துக்குப் போட்டியிட்டன. இதுவே வணிகத் தொல்லியல். போட்டி குறைந்த விலைக்கு இழுத்தது. அதன் சுமை குழியில் நிற்பவரின் ஊதியத்தில் விழுந்தது. பால் எவெரில் அவர்களைக் கண்ணுக்குத் தெரியாத அகழ்வோர் என்று அழைத்து 2009இல் நூல் எழுதினார். ஆயினும் அங்கே குழியில் இருப்பவர் பெரும்பாலும் பட்டதாரி; 'பிராஸ்பெக்ட்' தொழிற்சங்கத்தில் அவருக்கு ஒரு கிளை உண்டு; தம் குறையைத் தாமே எழுதிப் பதிப்பிக்கும் மொழியும் உண்டு.

இந்தியாவில் வணிகத் தொல்லியல் சட்டப்படி உருவாகவில்லை. 1958ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள் சட்டத்தின்கீழ் அகழாய்வு அரசின் கையிலும் அரசு உரிமம் பெற்ற நிறுவனங்களின் கையிலும் இருக்கிறது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடைசெய்து, அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைக்கு உட்படுத்துகிறது. பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இல்லாத கல்லுக்கு அந்த அரணும் இல்லை. 277 கிலோமீட்டர் சென்னை - சேலம் எட்டுவழிச் சாலை செங்கம் வட்டாரத்தின் வழியாகத் திட்டமிடப்பட்டபோது, நிலம் பறிபோவதை எதிர்த்து மக்கள் போராடினர். அந்தத் தடத்தில் எந்த நடுகல் வயலில் எந்தக் குழி தோண்டிப் பார்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை. நாளை அப்படியொரு கடமை வருமானால், ஆலோசனை நிறுவனங்களும் ஒப்பந்ததாரர்களும் கூடவே வருவார்கள். இங்கிலாந்தின் போட்டி விலையும் நம் ஊரின் சாதியும் ஒரே குழியில் சந்திக்கும். அதற்கு முன்பே தொழிலாளர் உரிமையைப் பேசி முடித்துவிட வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, அகழாய்வினால் நட்டமடையும் நில உரிமையாளருக்கும் நிலத்தை அனுபவிப்பவருக்கும் இழப்பீடு வழங்குகிறது. அந்நிலத்தில் கூலி வேலை செய்து, அகழாய்வினால் அப்பருவ வேலையை இழந்தவர் இதில் வரமாட்டார். அகழும் தொழிலாளியின் ஊதியம், பாதுகாப்பு, காப்பீடு குறித்து அச்சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம்கூட, எதிர்பாராமல் புதையலைக் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நில உரிமையாளருக்கு ஒரு பங்கும் தரலாம் என்று கண்டெடுத்த கையைக் கணக்கில் கொண்டது. காலனி அரசு எழுதிய சட்டத்தில் இருந்த அந்தக் கை, குடியரசு எழுதிய சட்டத்தில் காணாமற்போனது.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அட்டவணையில் பெயர் உள்ள வேலைகளுக்கே பொருந்தியது. சாலைப்பணி, கட்டடப்பணி, கல்லுடைத்தல் எல்லாம் அதில் இடம்பெற்றன. தொல்லியல் அகழாய்வு இடம்பெறவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், ஊதியத் தொகுப்பு இந்த அட்டவணை முறையைக் கைவிட்டு எல்லாத் தொழிலாளருக்கும் குறைந்தபட்ச ஊதியம் என்கிறது. இத்தொகுப்புகளைத் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து நானும் எதிர்க்கிறேன். இந்த ஒரு கூறு மட்டும் அகழாய்வுத் தொழிலாளருக்குப் பயன்படும்.

அதே கையால் மற்றொன்று பறிக்கப்படுகிறது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தியது. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் ஒப்பந்தத் தொழிலாளர் குறித்த பகுதி பொருந்த 50 பேர் வேண்டும். முப்பது, நாற்பது பேரைக் கொண்டு நடக்கும் அகழாய்வு வெளியே போய்விடும். ஒப்பந்ததாரர் இன்றித் துறையே நேரடியாக ஆள் எடுத்தால்? மத்திய, மாநில அரசுகளின் 'அலுவலகங்களுக்கு' அத்தொகுப்பு பொருந்தாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. வெயிலில் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கும் ஆழக்குழி ஓர் அரசு அலுவலகமா என்ற வினா நீதிமன்றத்துக்கு வந்தே தீரும். அல்ல என்பது என் வாதம். விலக்குகளைக் குறுக்கிப் பொருள்கொள்வதே தொழிலாளர் நலச் சட்டங்களுக்கு உரிய முறை.

விபத்து நேர்ந்தால் நிலைமை சற்று மேலானது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் மண் அகழும் வேலை சில வரம்புகளோடு வெளிப்படையாகவே இடம்பெற்றிருந்தது. சுவர் சரிந்து ஒருவர் காயமுற்றால், அகழாய்வு அறிவியல் பணி, கட்டுமானப் பணி அன்று என்ற மறுப்பு அங்கே எடுபடாது. ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் எந்த அட்டவணையும் உதவாது.

நிரந்தரம் என்ற கதவு ஏறக்குறைய மூடப்பட்டதே. ஒன்றிய அரசின் 1993ஆம் ஆண்டுத் தற்காலிகத் தகுதித் திட்டம் ஓராண்டில் 240 நாள் பணியைக் கேட்டது; மழைக்காலத்தில் நிற்கும் வேலையில் அந்த எண்ணிக்கையை எட்டுவது கடினம். அத்திட்டமும் ஒருமுறைக்கானது என்று 2002இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 2006ஆம் ஆண்டின் உமாதேவி தீர்ப்பு மற்றவற்றைப் பார்த்துக்கொண்டது.

எனவே நம் கையில் உள்ள வலுவான கருவி அரசமைப்பின் 23ஆம் பிரிவே. ஆசியாட் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்சநீதிமன்றம், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே தரப்படும் வேலை கட்டாய உழைப்பே என்றது. வறுமை கொடுக்கும் அழுத்தமும் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டு சஞ்சித் ராய் வழக்கில், இது வறட்சி நிவாரண வேலை, ஆகவே தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று இராஜஸ்தான் அரசு ஒரு தனிச் சட்டத்தையே காட்டி வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. நிவாரணம் என்ற பெயரால் குறைக்க முடியாத ஊதியத்தைப் பண்பாடு என்ற பெயராலும் குறைக்க முடியாது. குழியில் நிற்பவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவு கட்டாய உழைப்பைக் குற்றமாக்குகிறது என்பதையும் ஒப்பந்ததாரர்களுக்கு நினைவூட்ட வேண்டும்.

ஜவ்வாது மலைக்கு மேலும் ஒரு கருவி உண்டு. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால் பெசா சட்டம் இங்கே இல்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தம் பண்பாட்டு, இயற்கை மரபைச் சிதைக்கும் செயல்களிலிருந்து வாழிடத்தைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளிக்கிறது. கல்திட்டையும் கோவில் கைக்கோடரியும் அந்த மரபில் அடங்கும். ஆய்வுக்குழு மலையேறும் முன்பே கிராம சபை கூடி, எடுக்கப்படும் பொருள் எங்கே வைக்கப்படும், வழிகாட்டியவரின் பெயர் அறிக்கையில் எவ்வாறு வரும், நாட்கூலி எவ்வளவு, வங்கிக் கணக்கில் எந்நாளில் செலுத்தப்படும் என்று தீர்மானமாகவே எழுதிவைக்கலாம். ஆய்வுக்குத் தடை போடுவது இதன் நோக்கமன்று. பேரம் பேசும் இடத்தை மேஸ்திரியின் கையிலிருந்து ஊரின் கைக்கு மாற்றுவதே நோக்கம்.

கல்லூரி மாணவர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. கடந்த ஐந்து பருவங்களில் தமிழ்நாட்டில் நடந்த ஒவ்வோர் அகழாய்வுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தனித்தனி மனு அனுப்புங்கள். தொழிலாளர் நேரடியாக எடுக்கப்பட்டனரா, ஒப்பந்ததாரர் வழியாகவா என்று கேளுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தரப்பட்ட நாட்கூலி, வேலை நாட்களின் எண்ணிக்கை, காப்பீட்டுத் தொகை, விபத்துப் பதிவேடு, குழியின் பெரும ஆழம் ஆகியவற்றைக் கேளுங்கள். தொழிலாளரின் சாதிவாரி எண்ணிக்கை பராமரிக்கப்படுகிறதா என்றும் கேளுங்கள்; தனிநபர் பெயர்களைக் கேட்டால் மனு நிராகரிக்கப்படும், எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும்.