இசைத்தட்டு: சத்தமா, சடங்கா?

2022 ஜூலையில் இசைத்தட்டுப் பிரியர்கள் தலையில் இடி விழுந்தது. பழைய ஆல்பங்களின் மூல ஒலிநாடாவிலிருந்து உயர்தரத் தட்டுகள் தயாரிப்பதில் பேர்போனது அமெரிக்காவின் ‘மொபைல் ஃபிடெலிட்டி’ நிறுவனம். டிஜிட்டல் கை படாத சரக்கு என்று நம்பி, சில பதிப்புகளுக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். அரிசோனாவில் ரெக்கார்டு கடை வைத்திருக்கும் ஒருவர் விஷயத்தைக் கிளப்ப, நிறுவனமும் ஒப்புக்கொண்டது: பல ஆண்டுகளாகவே நடுவில் ஒரு டிஜிட்டல் பிரதி எடுத்து, அதிலிருந்துதான் தட்டு வெட்டுகிறார்களாம். விவகாரம் கோர்ட்டு வரை போனது. வேடிக்கை என்னவென்றால், அத்தனை வருடமும் ஒருவர் காதும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. அனலாக் ஒலிக்கு உதாரணம் கேட்டால் இந்தத் தட்டுகளைத்தான் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

‘டிஜிட்டல் செத்த ஒலி, ரெக்கார்டு உயிருள்ள ஒலி’ என்ற வாதம் இதிலேயே பாதி அடிபட்டுப் போகிறது. ஆனால் விற்பனை அசரவில்லை. அமெரிக்காவில் 2020-ல் இசைத்தட்டின் வருமானம் சி.டி.யை முந்தியது. 2022-ல் எண்ணிக்கையிலும் முந்தியது. 1987-க்குப் பிறகு அது முதல் தடவை. அப்படியானால் ஆட்களை இழுப்பது எது?

முதலில் தட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 12 அங்குல எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு நீண்ட வரிதான். வெளி விளிம்பில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு உள்ளே போகும். பிரித்து நீட்டினால் சுமார் அரை கிலோமீட்டர் வரும். அகலமோ ஒரு தலைமுடி அளவு. ஸ்டீரியோ தட்டில் அந்த வரியின் இரு சுவர்களும் 45 டிகிரி சாய்வில் இருக்கும். ஒன்றில் இடதுபக்க ஒலி, மற்றதில் வலதுபக்க ஒலி. சுவரின் நெளிவுக்குத் தக்கபடி ஊசி ஆட, அந்த ஆட்டத்தை கார்ட்ரிட்ஜ் மின்சாரமாக மாற்றுகிறது.

கனத்த பாஸ் ஒலியை அப்படியே வெட்டினால் வரி அகலமாக அலைந்து இடத்தைத் தின்றுவிடும். அதனால் வெட்டும்போதே பாஸைக் குறைத்து, கீச்சு ஒலியைக் கூட்டிவிடுகிறார்கள். இசைக்கும்போது தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்கிறார்கள். இதற்கான பொது அளவு 1954-ல் வந்தது. இந்தத் திருத்தத்தைச் செய்யும் ஃபோனோ ப்ரீ-ஆம்ப் இல்லாமல் பிளேயரை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினால் பாட்டு ஈனஸ்வரத்தில் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இத்தனை பாடுபட்டாலும் குறைகள் போகவில்லை. தட்டு ஒரே சீராகச் சுற்றினாலும், வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு அரை மீட்டர் ஓடும் வரி, லேபிள் பக்கம் வரும்போது 20 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் அடைப்பதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’வும் ‘ஷ’வும் சீறும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் 1.8 நொடிக்கு ஒரு ‘டிக்’. வெறும் அளவுகளை வைத்துப் பார்த்தால் 1982-ல் வந்த சி.டி.க்குப் பக்கத்தில்கூட இது நிற்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தக் குறையே காவலாக இருக்கிறது. 1990-களில் சி.டி.க்குள் யார் பாட்டு அதிகம் அலறுகிறது என்று ஒரு போட்டி நடந்தது. மெல்லியதையும் உரத்ததையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கினார்கள். தட்டில் அந்த அளவுக்கு அலறவிட்டால் பக்கத்தில் நேரம் குறையும், ஊசியும் தடுமாறும். எனவே நல்ல பொறியாளர் தட்டுக்கென்று தனியாக ஒலியைப் பதப்படுத்துவார். ‘ரெக்கார்டில் நிம்மதியாகக் கேட்கிறது’ என்பவர்கள் பல நேரம் ரசிப்பது பிளாஸ்டிக்கை அல்ல, இந்தப் பக்குவத்தை. நசுக்கிய ஒலிக்கோப்பையே தட்டுக்கும் அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. அங்கே கொடுக்கும் காசு அட்டைக்குத்தான்.

நம் ஊரில் ‘இளஞ்சூடான ஒலி’ பேசும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவர்களில் பாதிப்பேர் ரெக்கார்டைக் கேட்டதே கல்யாண வீட்டு மைக்செட்டில், தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாக. அதில் எந்தச் சூடும் கிடையாது. ஆனால் ‘திருவிளையாடல்’ கதை வசனத்தை அவர்கள் இன்றும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அந்தத் தட்டு ஓடினால் முதலிலிருந்து கடைசி வரை ஓடும். நடுவில் தாவ வழியில்லை.

உண்மையான ஈர்ப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. ஒரு பக்கம் சுமார் 22 நிமிடம். முடிந்தால் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். ஒரு பாட்டைத் தவிர்க்க ஊசியைத் தூக்கி, இரண்டு பாட்டுக்கு நடுவிலுள்ள வழுவழுப்பான பட்டையைக் குறிபார்த்து இறக்க வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பாட்டையே கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்துவிடுகிறோம். கையில் ஓரடி அட்டை இருப்பதால் பாட்டை எழுதியது யார், பாடியது யார் என்றும் கண் மேய்கிறது. செயலிகளில் பாடலாசிரியர் பெயரைத் தேடிக் களைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கேட்பதுகூட இரண்டாம்பட்சமோ என்னவோ: அமெரிக்காவில் தட்டு வாங்குவோரில் பாதிப்பேரிடம்தான் அதை ஓட்டும் கருவி இருக்கிறது என்கிறது லூமினேட் நிறுவனத்தின் 2023 கணக்கெடுப்பு.

புதிதாக ஆசைப்படுகிறவர்கள் சூட்கேஸ் வடிவில் வரும் மலிவு பிளேயர்களைத் தள்ளி வையுங்கள். நல்ல கார்ட்ரிட்ஜ் சுமார் 2 கிராம் எடையோடு தட்டில் அமரும். மலிவு பிளேயர்களில் பலவும் 5, 6 கிராம் அழுத்தித் தட்டைத் தேய்க்கும். பழைய தட்டு வாங்கும்போது விளக்குக்கடியில் சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான கோடுகளால் பாதகமில்லை. நகத்தில் தட்டுப்படும் கீறல் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். படுக்கவைத்து அடுக்கினாலோ சித்திரை வெயிலில் காருக்குள் விட்டாலோ வளைந்துபோகும். பரணில் 78 சுற்று அரக்குத் தட்டு கிடைத்தால் எல்.பி. ஊசியை அதன் மேல் வைக்காதீர்கள். அதன் வரி ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம், அதற்கு வேறு ஊசி வேண்டும். கீழே போட்டால் ஓடு மாதிரி உடையும்.