அனுமதி மறுக்கும் கணினி

இரணைமடுக் குளத்தில் நீர் நிறைந்திருக்கவும், வாய்க்காலின் கடைக்கோடியிலுள்ள வயலொன்று வறண்டு கிடப்பதுண்டு. பழுத்த அனுபவமுள்ள கமக்காரர் அதற்காகக் குளத்தைப் பழிப்பதில்லை. துருசு திறக்கப்பட்டதா, வாய்க்கால் தூர்ந்துள்ளதா, வயலின் மடை அடைபட்டுள்ளதா, அந்த வயலுக்கு இச்சிறுபோகத்தில் நீர் விடுவதெனக் கூட்டத்தில் முடிவாயிற்றா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே செல்வார். ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்ப முயன்று, 'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் விடையைப் பெறுவோரும் இம்முறையையே கைக்கொள்ளுதல் நன்று.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பாடசாலைகள் பலவற்றில் இன்று கணினி ஆய்வுகூடங்கள் உள்ளன. அத்தகைய பாடசாலை ஒன்றில், ஆய்வுகூடத்திலும் நூலகத்திலும் அலுவலகத்திலுமாக இருபது கணினிகள் ஒரே வலையமைப்பில் இணைந்திருப்பதாகக் கொள்க. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டதை எவரும் மறந்திலர். அத்தகைய காலத்தில், 'இன்னும் ஐந்து நிமிடத்தில் மின்சாரம் நிற்கும். வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று ஆசிரியர் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அறிவிக்க முடியுமாயின், மாணவரின் பல மணி நேர உழைப்பு அழியாது காக்கப்படும்.

இதற்கு உதவும் கட்டளைகள் இரண்டு விண்டோஸ் முறைமையிலேயே உள்ளன. 'மெசேஜ்' என்னும் கட்டளை தொலைவிலுள்ள கணினியின் திரையில் செய்தியைத் தோற்றுவிக்கும். 'குவெரி யூசர்' என்னும் கட்டளை அக்கணினியில் யார் நுழைந்திருக்கிறார் என்பதைக் கேட்டறியும். வீட்டுப் பாவனைக்குரிய 'ஹோம்' பதிப்பில் மெசேஜ் கட்டளை இல்லை. 'புரொபெஷனல்' போன்ற பதிப்புகளிலேயே அது உண்டு. ஆதலால் எந்தப் பதிப்பு உள்ளது என்பதையே முதலிற் பார்த்தல் வேண்டும்.

கட்டளை தோல்வியுறும்போது அத்துடன் ஓர் எண்ணும் தோன்றும். பலர் அதைக் கவனியாது விட்டுவிடுகின்றனர். நோயறியும் குறி அவ்வெண்ணே ஆகும். 1722 என்னும் எண் தோன்றின், அழைப்பு மறுகணினியின் சேவையை எட்டவேயில்லை என்பது பொருள். அது தூர்ந்துபோன வாய்க்கால். 5 என்னும் எண் தோன்றின், அழைப்பு சென்றடைந்தது, ஆனால் மறுகணினி அதை ஏற்க மறுத்தது என்பது பொருள். அது அடைபட்ட மடை. முன்னதற்குரிய பரிகாரம் பின்னதற்கு உதவாது.

எண் 5 தோன்றுமிடத்து முதலில் ஆராய வேண்டுவது, அழைப்பவர் யார் என்பதாகும். மறுகணினியில் நிர்வாகி உரிமை பெற்ற கணக்கின் பெயரால் அழைத்தல் வேண்டும். மைய வழங்கி இல்லாத சிறு வலையமைப்பில், ஒவ்வொரு கணினியும் தன் இடாப்பிலுள்ள பெயர்களை மட்டுமே அறியும். எனவே ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் உடைய கணக்கு இரு கணினிகளிலும் இருத்தல் எளிய வழி. கடவுச்சொல் இல்லாத கணக்கை விண்டோஸ் வலையமைப்பு வழியே ஏற்பதில்லை. கணினியின் முன்னே அமர்ந்தவருக்கே அது திறக்கும்.

இரண்டாவது, மறுகணினியின் 'றெஜிஸ்ட்ரி' என்னும் பதிவேடு. அதில் 'டெர்மினல் சேர்வர்' என்னும் பிரிவின்கீழ் 'அலவ் ரிமோட் ஆர்.பி.சி.' என்றொரு பெறுமானம் உண்டு. அது 0 ஆக இருப்பின், இவ்வகைத் தொலை அழைப்புகளை அக்கணினி ஏற்காது. 1 ஆக மாற்றினால் ஏற்கும். அனுப்பும் கணினியில் இதனை மாற்றிவிட்டுப் பயன் காணாது சோர்வோர் உளர். மாற்ற வேண்டியது பெறும் கணினியிலேயாம். இப்பெறுமானம் எவருக்கும் புதிய உரிமையை வழங்குவதில்லை என்பதும் நினைவிற்குரியது. கதவைத் தட்டும் ஓசை உள்ளே கேட்கச் செய்வதே அதன் பணி. வந்தவரை அனுமதிப்பதா என்பது கணக்கைப் பொறுத்ததே.

மூன்றாவது தடை நுட்பமானது. 2007ஆம் ஆண்டு வெளிவந்த விஸ்டா முதல், அக்கணினியிலேயே உருவாக்கப்பட்ட நிர்வாகிக் கணக்கு வலையமைப்பின் வழியே வரும்போது, அதன் நிர்வாகி உரிமை களையப்பட்டே ஏற்கப்படுகிறது. பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தும் மறுப்பு நீடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 'லோக்கல் அக்கவுண்ட் டோக்கன் ஃபில்டர் பொலிசி' என்னும் பெறுமானத்தை 1 ஆக இட்டால் இத்தடை நீங்கும். ஆயினும் காவலைத் தளர்த்தும் செயலாதலின், முன்னிரண்டும் பயன்படாதபோதே இதனை நாடுதல் தகும்.

எண் 1722 தோன்றுமாயின், தீச்சுவரைப் பார்த்தல் வேண்டும். வலையமைப்பு 'பொது' எனக் குறிக்கப்பட்டிருந்தால் 'தனியார்' என மாற்றி, கோப்பு மற்றும் அச்சுப்பொறிப் பகிர்வுக்குரிய விதியை அனுமதித்தால், 445ஆம் துறை திறக்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்து, மீண்டும் முயன்று பார்த்து, பயன் தராத மாற்றத்தைப் பழையபடி வைத்துவிட வேண்டும்.

இத்தனை பூட்டுகள் எதற்கு என்று சலிப்போர் வரலாற்றை நோக்குதல் நலம். 2002, 2003ஆம் ஆண்டுகளில், விண்டோஸின் பழைய மெசெஞ்சர் சேவை வழியே முன்பின் அறியாதோர் விளம்பரங்களைப் பிறர் திரைகளில் வீசினர். 2003 ஓகஸ்டில் 'பிளாஸ்டர்' என்னும் புழுநிரல், தொலை அழைப்புச் சேவையிலிருந்த குறையைப் பற்றிக்கொண்டு உலகெங்கும் பரவியது. 2004 ஓகஸ்டில் வந்த எக்ஸ்.பி. இரண்டாம் சேவைத் தொகுப்பு, அந்த மெசெஞ்சர் சேவையை நிறுத்தித் தீச்சுவரை இயல்பாகவே இயங்க வைத்தது. 2017 மே மாதத்தில் 'வன்னகிரை' என்னும் கேடு 445ஆம் துறை வழியே புகுந்து, பிரித்தானிய மருத்துவமனைகளையும் முடங்கச் செய்தது. அதற்கான திருத்தம் இரு மாதங்களுக்கு முன்னரே வெளியாகியிருந்தும், அதனை நிறுவாதோரே பெரிதும் அல்லலுற்றனர்.

ஆகவே தீச்சுவரை முற்றாக அணைத்துவிடுதலும், மாணவர் எல்லோருக்கும் நிர்வாகி உரிமை வழங்குதலும் பரிகாரம் ஆகா. ஒரு வயலுக்கு நீர் பாய்ச்சக் குளக்கட்டை வெட்டுவார் உண்டோ? பாடசாலை வலையமைப்பிற்குள் மட்டும், தேவையான கணினிகளில் மட்டும், பொறுப்புள்ள ஒருவருக்கு மட்டும் திறத்தலே முறை. அன்றியும், உரிமையின்றிப் பிறர் கணினியுள் நுழைதல் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது.

'அனுமதி மறுக்கப்பட்டது' என்பது கணினியின் பிடிவாதம் அன்று. வந்தவர் யாரெனத் தெரியாதபோது அது தன் கடமையைச் செய்கிறது. தன்னை முறைப்படி அறிவித்துக்கொள்பவருக்கு அது வழிவிடும். ஆற்றிற் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். கணினியின் வாயிலைத் திறப்பதற்கும் அந்த அளவே நெறியாகும்.