வலி மாத்திரையில் மருந்தல்லாத பொருள்கள்

மருந்துச் சீட்டின்றி வாங்கப்படும் பாராசிட்டமால் மாத்திரையில் மூல மருந்து 500 மில்லிகிராம் என்று அட்டையில் துல்லியமாக அச்சிடப்பட்டிருக்கும்போதும், அதற்கு வடிவமும் உறுதியும் தருவதற்காகச் சேர்க்கப்படும் துணைப்பொருள்கள், இந்தியாவில் பெரும்பாலும் ‘எக்ஸிபியன்ட்ஸ், போதிய அளவு’ என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன. சைவ உணவினரும், பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ பெறப்பட்டவற்றைச் சமய நெறிப்படி விலக்குவோரும் அறிய விரும்பும் செய்தி அந்த வரிக்குள்தான் மறைந்துள்ளது.

இவற்றுள் எளிதில் கண்டறியத்தக்கது ஜெலட்டின். விலங்குகளின் தோலையும் எலும்பையும் பதப்படுத்தி எடுக்கப்படும் இப்புரதமே கேப்சூல்களின் கூடாகவும், திரவ மருந்தை உள்ளடக்கிய மென்கூடாகவும் பயன்படுகிறது. அட்டையிலேயே ‘ஹார்டு ஜெலட்டின் கேப்சூல்’, ‘சாஃப்ட் ஜெலட்டின் கேப்சூல்’ என்று குறிக்கப்படுவதும் வழக்கம். ஆகவே கேப்சூலைத் தவிர்த்துச் சாதாரண மாத்திரையைத் தேர்ந்தாலே பெரும் ஐயம் ஒன்று நீங்கும், எனினும் ஐயம் முழுவதும் நீங்கிவிடாது.

மாத்திரைத் தூள் இயந்திர அச்சில் ஒட்டாதிருக்கச் சிறிதளவு சேர்க்கப்படும் மெக்னீசியம் ஸ்டியரேட்டின் மூலமான ஸ்டியரிக் அமிலத்தை மாட்டுக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம், பனை எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம். இரண்டிலும் வேதிப்பெயர் ஒன்றே என்பதால், பெயரைப் படிப்பவருக்கு அதன் பிறப்பிடம் தெரிய வழியில்லை. மாத்திரையின் கன அளவைக் கூட்டும் லாக்டோஸ் பாலிலிருந்து வருகிறது. சில மாத்திரைகளின் மேற்பூச்சாகும் ஷெல்லாக், அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினே ஆகும்.

அமெரிக்காவில் சீட்டின்றி விற்கப்படும் மருந்துகளின் உறையிலும், பிரிட்டனில் மருந்துடன் வரும் தகவல் தாளிலும் துணைப்பொருள்களின் பெயர்கள் தரப்படுகின்றன என்றாலும், பெயருடன் மூலமும் சொல்லப்படும் என்பதற்கு உறுதியில்லை. இந்தியாவிலோ, உணவுப் பொட்டலத்தில் இடம்பெறும் பச்சைக் குறி மருந்துக்குக் கட்டாயமில்லை. உயிர் காக்கும் மருந்துகள் நீங்கலாக மற்றவற்றில் விலங்குக் கலப்பைக் குறிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. ஆனால் விதியை வகுப்பது அரசின் பணி என்பதால் உச்ச நீதிமன்றம் 2013-இல் அதை நீக்கிவிட்டது.

எனவே இன்று எஞ்சும் நம்பகமான வழி, தயாரிப்பு நிறுவனத்திடம் ஸ்டியரேட்டின் மூலம் தாவரமா விலங்கா என்று எழுதிக் கேட்பதே. நிறுவனங்கள் மூலப்பொருள் வழங்குநரை மாற்றக்கூடும் என்பதால் பழைய பதிலை நம்பியிராமல் அவ்வப்போது மீண்டும் கேட்பது நல்லது. மருத்துவர் எழுதித் தந்த மருந்தாயின், அதைத் தாமாக நிறுத்தாமல், மாற்று வடிவம் உண்டா என்று அவரிடமே கேட்க வேண்டும். நோயாளியின் மீது சுமத்தப்பட்டுள்ள இந்தத் தேடலை, ஒவ்வொரு துணைப்பொருளின் மூலத்தையும் அட்டையில் அச்சிடச் செய்யும் விதி ஒன்றால் அரசு முடித்துவைக்க வேண்டும்.